குறைமாதப் பிள்ளையின் மூளையை எப்போது பார்க்க வேண்டும்?

“உச்சி இன்னும் மூடவே இல்லையே கண்ணு, அது மேல மிஷின வைக்கிறியே, உள்ள ஒண்ணும் ஆயிடாதா?”

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு குறைமாதக் குழந்தைகள் பிரிவில் என்னிடம் இப்படிக் கேட்டவர் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து வந்திருந்த ஓர் ஆயா. இங்கே பல தமிழ் வீடுகளில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். 1860-இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்ததில் தொடங்கி, கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்த காலத்தில் வந்து சேர்ந்த குடும்பம் அவருடையது. மகளுக்கும் மருமகனுக்கும் ஆங்கிலம்தான். வீட்டில் தமிழ் அவரோடு நின்றுவிட்டது. பேரன் 28 வாரத்தில் பிறந்து இன்குபேட்டருக்குள் கிடந்தான். எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். நான் ஸ்கேன் எடுக்கப் போனவள். சிஸ்டர் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். ஆனாலும் தன் மொழியில் ஒருத்தி சொன்னால்தான் ஆயாவுக்கு மனசு ஆறும் போலிருந்தது. அன்று நின்றபடியே பத்து நிமிடத்தில் அவரிடம் சொன்னதை இங்கே ஆற அமர எழுதுகிறேன்.

எழுத இன்னொரு காரணமும் உண்டு. அது என் அண்ணன் மகள். அவளைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

முதலில் ஆயாவின் கேள்விக்குப் பதில்: ஒன்றும் ஆகாது. அந்த மூடாத உச்சிதான் நமக்குக் கிடைத்திருக்கும் வழியே. அல்ட்ராசவுண்ட் என்பது ஒலி. நம் காதுக்கு எட்டாத ஒலி; குழந்தையின் தலைக்குப் பயன்படுத்துவது நொடிக்கு ஏறத்தாழ 50 லட்சம் முதல் ஒரு கோடி முறை அதிரும். அது எலும்பைத் தாண்டி உள்ளே போகத் திணறும். பெரியவர்களின் மூளையை இந்த முறையில் நன்றாகப் பார்க்க முடியாததற்குக் காரணம் மண்டையோடுதான். கைக்குழந்தைக்கு உச்சிக்குழியில் எலும்பு இன்னும் கூடவில்லை, சவ்வு மட்டுமே இருக்கிறது. அதன் மேல் வெதுவெதுப்பான ஜெல் தடவி, கட்டைவிரல் பருமனுள்ள கருவியை மெதுவாக வைத்தால் ஒலி உள்ளே போய், பட்டுத் திரும்பி, படமாக விழுகிறது. எக்ஸ்ரே கதிர் கிடையாது, மயக்க மருந்து கிடையாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கும் ஓடவும் வேண்டாம். இன்குபேட்டரின் கை நுழையும் கதவைத் திறந்து அங்கேயே எடுத்துவிடலாம். வெண்டிலேட்டரில் இருக்கும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய சௌகரியம் என்பது அந்த அறையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

சரி, எதைத் தேடுகிறோம்?

தாயின் வயிற்றில் பிள்ளை 40 வாரம் இருக்க வேண்டும். 37 வாரம் நிறையும் முன் பிறந்தால் குறைமாதம். 32 வாரத்துக்கு முன் என்றால் கவனம் கூட வேண்டும். 28-க்கு முன் என்றால் மிக மிகக் கூட. நுரையீரல், குடல், கண் எல்லாமே அவசரமாக வெளியே வந்தவைதான். மூளையின் நிலை இன்னும் நுட்பமானது. 24 வாரத்தில் அதன் மேற்பரப்பு ஏறக்குறைய வழவழப்பாக இருக்கும். நமக்குத் தெரிந்த அந்த மடிப்பும் சுருக்கமுமான மூளை மீதி மாதங்களில்தான் உருவாகிறது. வயிற்றுக்குள் இருட்டில், சீரான வெப்பத்தில் நடக்க வேண்டிய வேலை, குழாய்களுக்கும் மணிச்சத்தத்துக்கும் நடுவே நடக்கிறது.

நான் திருவாரூர்ப் பக்கத்துக்காரி. வயலை வைத்துச் சொன்னால்தான் எனக்கே விளங்கும்.

மூளையின் நடுவே திரவம் நிறைந்த அறைகள் இருக்கின்றன. அந்த அறைகளின் ஓரத்தில், குறைமாதக் குழந்தைகளுக்கு மட்டும், ஒரு நாற்றங்கால் உண்டு. மருத்துவர்கள் அதை ஜெர்மினல் மேட்ரிக்ஸ் என்பார்கள். மூளைச் செல்கள் அங்கே முளைத்து, அங்கிருந்து கிளம்பி, தங்கள் இடத்துக்குப் போய் வேர் பிடிக்கின்றன. நாற்று வளர நிறையத் தண்ணீர் வேண்டும் இல்லையா? அதனால் அங்கே ரத்தக் குழாய்கள் அடர்த்தி. ஆனால் வேலை முடிந்ததும் கலைந்துபோக வேண்டிய இடம் என்பதால் அந்தக் குழாய்களின் சுவர் மெல்லிசு. 34, 35 வாரம் ஆகும்போது நாற்றங்கால் பெரும்பாலும் சுருங்கி மறைந்துவிடும். 28 வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு அது முழுதாக இருக்கிறது. அதோடு, ரத்த அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் மூளைக்குப் போகும் ரத்தத்தைச் சமன் செய்துகொள்ளும் திறனும் அந்தப் பிள்ளைக்கு இன்னும் வரவில்லை. மூச்சுத் திணறல், அழுத்தத்தில் ஏற்ற இறக்கம், ரத்தத்தில் கரியமில வாயு திடீரென்று கூடுவது குறைவது எல்லாம் அந்த மெல்லிய குழாய்களைச் சோதிக்கின்றன. சில பிள்ளைகளுக்கு அங்கே கசிவு ஏற்படுகிறது.

இந்தக் கசிவுக்கு ஒரு நேரம் உண்டு. பெரும்பாலானவை பிறந்த முதல் 3 நாளுக்குள் நடந்துவிடுகின்றன. அதனால்தான் முதல் ஸ்கேனை முதல் வாரத்தை ஒட்டியே எடுக்கிறோம். திரையில் திரவம் கறுப்பாகவும் புதிய ரத்தம் வெள்ளையாகவும் தெரியும். கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை தெரிந்தால் என் கை நின்றுவிடும். அளவெடுத்து, பல கோணத்தில் பதிந்து, மருத்துவரிடம் சொல்கிறேன்.

அவர் உங்களிடம் ‘கிரேடு’ என்று ஒரு எண் சொல்வார். இந்த வரிசை 1978-இல் பாப்பைல் என்ற மருத்துவரும் உடன் இருந்தவர்களும் வகுத்தது. கிரேடு 1 என்றால் ரத்தம் நாற்றங்காலோடு நின்றுவிட்டது. 2 என்றால் பக்கத்து அறைக்குள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் அறை வீங்கவில்லை. 3 என்றால் ரத்தம் நிரம்பி அறை விரிந்துவிட்டது. 4 என்றால் அறைக்கு வெளியே மூளைத் திசுவிலும் ரத்தம் தெரிகிறது. முன்பு இந்த நான்காவதை, அறையில் நிரம்பிய ரத்தம் வழிந்து திசுவுக்குள் போனதாக நினைத்தார்கள். இப்போது அப்படிச் சொல்வதில்லை. நாற்றங்காலில் தேங்கிய ரத்தம், அந்தப் பகுதியிலிருந்து ரத்தத்தை வெளியே எடுத்துப் போகும் சிரையை அடைத்துவிடுகிறது. வடிகால் அடைபட்டதால் பின்னால் இருக்கும் திசு சேதமாகிறது. இதில் அடிபடுவது பெரும்பாலும் ஒரு பக்கம்தான். அதனால் பின்னாளில் ஒரு பக்கக் கையும் காலும் இறுக்கமாக இருக்கும் வாய்ப்பு உண்டு.

1, 2 என்ற எண்ணைக் கேட்டுவிட்டு அழுதுகொண்டே வெளியே போன அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நன்றாகவே வளர்கிறார்கள். 3, 4 வரும்போதுதான் கவலைக்கு இடம் கூடுகிறது. அப்போதும் அது ஒரு வாய்ப்பைச் சொல்லும் எண், தீர்ப்பு இல்லை.

ரத்தம் அறைக்குள் இறங்கிவிட்டால் இன்னொன்றையும் கண்காணிக்க வேண்டும். திரவம் வழக்கமாக வடியும் பாதையில் ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டால் அறைகள் நாளுக்கு நாள் வீங்கும். இதைத்தான் நீர்த்தலை என்கிறோம். வாரம் ஒரு முறையாவது ஸ்கேன், தலைச்சுற்றளவுக்கு அடிக்கடி நாடா. வீக்கம் மிஞ்சினால் திரவத்தை வெளியே எடுக்கவோ, பின்னர் குழாய் வைத்து வயிற்றுக்குள் வடியவைக்கவோ நரம்பு அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள் ஏற்பாடு செய்வார்கள்.

இனி என் அண்ணன் மகள்.

ஊரில், 30 வாரத்தில் பிறந்தாள். மூன்றாம் நாள் தலையில் ஸ்கேன் எடுத்தார்கள். “நார்மல்” என்று எழுதிக் கொடுத்தார்கள். அண்ணன் எனக்கு போன் பண்ணி அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அழுதார், சந்தோஷத்தில். நானும் அழுதேன். பிறகு யாரும் ஸ்கேன் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை. அப்போது நான் இந்த வேலையில் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பத்து மாதத்தில் குழந்தையைத் தூக்கினால் இரண்டு கால்களும் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொண்டு விறைத்தன. ஒரு வயதில் எடுத்த எம்ஆர்ஐயில் காரணம் தெரிந்தது. மூளையின் நடுவே உள்ள அறைகளை ஒட்டிய வெண்பொருள், அதாவது நரம்பு இழைகள் ஓடும் பகுதி, சேதப்பட்டிருந்தது.

மூன்றாம் நாள் ஸ்கேன் பொய் சொன்னதா? இல்லை. அது மூன்றாம் நாளில் தெரியக்கூடியதைச் சொன்னது. இதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

மறுபடி வயலுக்கு வருகிறேன். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல்கள். குறைமாதக் குழந்தையின் மூளையில், மேற்பரப்பிலிருந்து உள்ளே இறங்கும் ரத்தக் குழாய்கள் இன்னும் முழு நீளத்துக்கு வளர்ந்திருக்காது. அறைகளை ஒட்டிய பகுதி அவற்றுக்குக் கடைமடை. அங்கே ஓடுபவை நரம்பு இழைகள், அதாவது மூளையின் கம்பிகள். அந்தக் கம்பிகளுக்கு உறை போடப்போகும் இளம் செல்கள் அப்போதுதான் அங்கே வளர்ந்துகொண்டிருக்கும். ரத்த ஓட்டம் குறைந்தாலும், தாய்க்கோ பிள்ளைக்கோ கிருமித் தொற்றால் அழற்சி வந்தாலும், முதலில் பாதிக்கப்படுவது அந்தச் செல்கள். அறைகளுக்கு மிக நெருக்கமாக ஓடுபவை கால்களுக்குப் போகும் இழைகள். அதனால்தான் இந்த வகைச் சேதத்தில் கைகளை விடக் கால்கள் அதிகம் இறுகுகின்றன. என் அண்ணன் மகளின் கால்கள் பின்னிக்கொண்டது அதனால்தான்.

இந்தச் சேதத்துக்கு வேறொரு நேரக் கணக்கு. ஆரம்பத்தில் திரையில் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம், அல்லது அந்த இடம் லேசாக வெளுத்துத் தெரியலாம். அந்த வெளுப்பு பல குழந்தைகளிடம் தானாக மறைந்துவிடும். சேதம் தீவிரமாக இருந்தால் 2 முதல் 4 வாரம் கழித்து அங்கே சின்னச் சின்னக் கறுப்புக் குழிகள் உருவாகும். அதைப் பார்க்க வேண்டுமானால் அந்த வாரங்களில் பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் படத்தை எத்தனை பெரிய நிபுணர் எடுத்துப் பார்த்தாலும் அதில் அது இருக்காது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கம் 2020-இல் வெளியிட்ட அறிக்கை இதை ஒட்டித்தான் இருக்கிறது: 30 வாரத்திலோ அதற்கு முன்போ பிறந்த குழந்தைக்குப் பிறந்து 7 முதல் 10 நாளுக்குள் ஒரு ஸ்கேன், 4 முதல் 6 வாரத்தில் இன்னொன்று, பிறகு பேறுநாள் நெருங்கும்போதோ வீட்டுக்கு அனுப்பும் முன்போ ஒன்று. குழந்தையின் உடல்நிலை மோசமாக இருந்தால் இன்னும் முன்னதாக, இன்னும் அடிக்கடி. ஒவ்வொரு மருத்துவமனையின் நடைமுறையும் கொஞ்சம் மாறும். ஆனால் ‘ஒரு தடவை எடுத்தாச்சு’ என்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

ஆயாவின் பேரனுக்கு உச்சி வழியாக மட்டும் பார்க்காமல் காதுக்குப் பின்னால் இருக்கும் சின்ன இடைவெளி வழியாகவும் பார்த்தேன். சிறுமூளை பின்னால், கீழே இருக்கிறது. உச்சியிலிருந்து அது தூரம். அங்கே நடக்கும் ரத்தக் கசிவு உச்சி வழியாகத் தப்பிவிடலாம், காதுக்குப் பின்னால் வைத்தால் அகப்படும். இதற்கு ஆகும் கூடுதல் நேரம் இரண்டு நிமிடம். தயவுசெய்து அந்த இரண்டு நிமிடத்தைச் செலவிடுங்கள் என்று என் துறையில் புதிதாக வருபவர்களிடம் கெஞ்சுவேன்.

அல்ட்ராசவுண்டுக்கு எட்டாதவையும் உண்டு. குழி விழாமல் வெண்பொருள் முழுக்கப் பரவலாக ஏற்படும் மெல்லிய சேதம் இப்போது அதிகம் காணப்படும் வகை; அதை அல்ட்ராசவுண்ட் அவ்வளவு நன்றாகக் காட்டாது. சிறுமூளையில் புள்ளி புள்ளியான ரத்தக் கசிவும் அப்படித்தான். இவற்றுக்கு எம்ஆர்ஐ வேண்டும். அதை எடுக்கச் சரியான நேரம், பிள்ளை உண்மையில் பிறந்திருக்க வேண்டிய 40-ஆவது வாரத்தை ஒட்டி.

எம்ஆர்ஐ காந்தப்புலத்தையும் ரேடியோ அலைகளையும் கொண்டு உடலில் உள்ள நீரைப் பேசவைக்கும் கருவி. இதிலும் எக்ஸ்ரே கதிர் இல்லை. சத்தம்தான் பெரிது, அதனால் குழந்தையின் காதுகளை மூடிவிடுவார்கள். பால் கொடுத்து, வயிறு நிறைந்ததும் துணியில் இறுக்கமாகச் சுற்றி, தூங்கவைத்து உள்ளே தள்ளுவார்கள். பெரும்பாலும் மயக்க மருந்தே தேவைப்படாது. இடுப்பில் கட்டிய வெள்ளி அரைஞாண், கொலுசு, தாயத்து எல்லாவற்றையும் முன்பே கழற்றிவிடுங்கள். காந்தம் இருக்கும் அறைக்குள் உலோகம் போகக் கூடாது. உங்கள் கழுத்துத் தாலிக்கும் அதே விதிதான்; இதைச் சங்கடமில்லாமல் முன்கூட்டியே சொல்லிவிடுவது என் வழக்கம்.

எம்ஆர்ஐயில் டிஃப்யூஷன் என்று ஒரு வகைப் படம் உண்டு. கோரைப்பாயில் தண்ணீர் கொட்டினால் கோரை போகும் திசையில்தான் சுலபமாக ஓடும், குறுக்கே ஓடத் தயங்கும். மூளைக்குள்ளும் நீர் மூலக்கூறுகள் நரம்பு இழை ஓடும் திசையில் எளிதாக நகரும். அந்த நகர்வை அளந்தால் இழைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றனவா, எங்கே கலைந்திருக்கின்றன என்று ஊகிக்கலாம். கை கால்களுக்கு ஆணை கொண்டுபோகும் பாதையில் ஓர் இடம் உண்டு, 40 வாரத்தில் அங்கே கம்பி உறை போட்டிருக்க வேண்டும். ஒரு பக்கம் உறை தெரிந்து மறுபக்கம் தெரியாவிட்டால் அந்தப் பாதை செல்லும் கைக்கும் காலுக்கும் இப்போதிருந்தே பயிற்சி தேவை என்று தெரிந்துவிடுகிறது.

2006-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில், குறைமாதத்தில் பிறந்த 167 குழந்தைகளுக்கு இந்த நேரத்தில் எம்ஆர்ஐ எடுத்து, 2 வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். வெண்பொருளில் சேதம் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்குப் பின்னாளில் அசைவிலும் அறிவு வளர்ச்சியிலும் சிரமம் வரும் வாய்ப்பு கூடியது. ஆனால் படத்தில் சேதம் தெரிந்தும் நன்றாக வளரும் பிள்ளைகள் உண்டு, படம் சுத்தமாக இருந்தும் சிரமப்படும் பிள்ளைகளும் உண்டு. நான் முன்னே சொன்ன 2020 அறிக்கையும் எல்லாக் குறைமாதக் குழந்தைக்கும் வழக்கமாக எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லவில்லை. மருத்துவர் உங்கள் பிள்ளைக்கு எம்ஆர்ஐ வேண்டாம் என்றால் உங்களைக் கைவிட்டுவிட்டார் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

சிடி ஸ்கேனைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். அது எக்ஸ்ரே கதிர் கொண்டு எடுப்பது, வளரும் மூளைக்கு முடிந்தவரை தவிர்க்கிறோம். ஆனால் அந்தப் படத்தை உருவாக்கும் கணக்குக்கும் இந்த நாட்டுக்கும் உறவு உண்டு. ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்த ஆலன் கார்மக், 1956-இல் கேப்டவுனின் குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் பகுதிநேர இயற்பியலாளராக இருந்தபோதுதான் அந்தக் கணக்கை யோசிக்கத் தொடங்கினார். 1979-இல், சிடி எந்திரத்தை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதே கேப்டவுனில் இப்போது பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சக்கரம் வைத்துத் தள்ளிப்போகக்கூடிய குறைந்த காந்தப்புல எம்ஆர்ஐயால் சிறு குழந்தைகளின் மூளையைப் படமெடுத்து ஆராய்கிறார்கள். வழக்கமான எந்திரத்தில் காந்தத்தின் வலிமை 1.5 அல்லது 3 டெஸ்லா, இதில் 0.064 டெஸ்லா மட்டுமே. படம் அவ்வளவு கூர்மையாக இருக்காது. ஆனால் எந்திரம் குழந்தையிடம் வரும். இங்கே டர்பனில் ஆர். கே. கான் போன்ற வட்டார மருத்துவமனையிலிருந்து இன்கோசி ஆல்பர்ட் லுதுலி போன்ற பெரிய மருத்துவமனைக்கு ஒரு கிலோ குழந்தையை ஆம்புலன்ஸில் கொண்டுபோவதை நினைத்துப் பார்த்தால் இதில் ஏன் எனக்கு இவ்வளவு ஆசை என்று புரியும்.

படத்தைப் பார்த்துவிட்டு என்ன செய்ய முடியும்? சேதமான திசுவைத் திருப்பிக் கொண்டுவரும் மருந்து இல்லை. ஆனால் முன்னாலும் பின்னாலும் செய்யக்கூடியது நிறைய. முன்னால்: குறைமாதப் பிரசவம் வரப்போகிறது என்று தெரிந்ததும் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி நுரையீரலை முதிரவைப்பதோடு மூளை ரத்தக் கசிவையும் குறைக்கிறது, மெக்னீசியம் சல்ஃபேட் பெருமூளை வாதத்தின் (மூளைச் சேதத்தால் கை கால் அசைவு பாதிக்கப்படும் நிலை) வாய்ப்பைக் குறைக்கிறது. அதனால் வலி வந்தால் ‘விடியட்டும் பார்க்கலாம்’ என்று வீட்டில் காத்திருக்காதீர்கள்.

பின்னால்: மூளை வளைந்துகொடுக்கும் மாதங்களிலேயே பிசியோதெரபி தொடங்கலாம். திருத்திய வயது 3 முதல் 5 மாதத்துக்குள் குழந்தை மல்லாந்து கிடக்கும்போது உடம்பெல்லாம் சின்னச் சின்னதாக நெளிந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த நெளிவு இல்லையென்றால், பயிற்சி பெற்றவர்கள் ஒரு சிறு வீடியோவைப் பார்த்தே பெருமூளை வாதத்தைச் சந்தேகித்துவிடுகிறார்கள். எம்ஆர்ஐயையும் இதையும் சேர்த்துப் பார்த்தால் பலருக்கு 6 மாதத்துக்கு முன்பே தெரிந்துவிடும். என் அண்ணன் மகளுக்குப் பயிற்சி தொடங்கியபோது ஒரு வயது தாண்டிவிட்டது. இப்போது காலில் ஸ்பிளிண்ட் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள், கணக்கில் கெட்டிக்காரி. அந்த இழந்த மாதங்கள் மட்டும் எனக்கு இன்றும் உறுத்தல்.

திருத்திய வயது என்றேனே, அது சுலபமான கணக்கு. 28 வாரத்தில் பிறந்தால் 12 வாரம் முன்னதாக வந்துவிட்டது. பிறந்து 6 மாதம் ஆகும்போது அதைக் கழித்தால் ஏறக்குறைய 3 மாதம். பக்கத்து வீட்டுப் பிள்ளை உட்காருகிறது என்று ஒப்பிடாமல் இந்த வயதை வைத்துப் பாருங்கள். இங்கே பிள்ளையின் வளர்ச்சியைக் குறித்துவரும் ‘ரோட் டு ஹெல்த்’ புத்தகத்தில் தலைச்சுற்றளவு குறிக்கும் பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அதை நிரப்பித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். உச்சிக்குழி புடைத்து இறுக்கமாக இருந்தாலும், பிள்ளை விடாமல் வாந்தி எடுத்தாலும், எழுப்ப முடியாமல் தூங்கினாலும் அன்றைக்கே கொண்டுவாருங்கள். எண்ணெய் வைக்கும்போது உச்சியை அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

ஆயாவின் பேரனுக்கு அன்று கிரேடு 1. சின்னக் கசிவு, இடது பக்கம் மட்டும். திரையைத் திருப்பி அவருக்குக் காட்டினேன். கறுப்பாகத் தெரிவது அந்த அறைகளில் வழக்கமாக இருக்கும் திரவம்தான் என்றேன். அவர் அதைப் பார்த்து, “இந்தத் தண்ணிய நாமளா கெட்ட தண்ணின்னு நெனச்சோம்?” என்று மகளிடம் கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு ஆயா கைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து நீட்டினார்.

“அடுத்த ஸ்கேன் தேதி என்ன கண்ணு? எழுதிக் குடு. வீட்டுல காலண்டர்ல போட்டு வைக்கிறேன்.”

நாலாவது வாரத்துக்கு ஒன்று, பேறுநாளுக்குப் பக்கத்தில் ஒன்று என்று இரண்டு தேதிகளையும் எழுதிக் கொடுத்தேன்.